வீட்டுக்குள்ளே ஒரு கேபிள்காரர்

ஹாலில் டிவி. பெட்ரூம் அலமாரியில் ஹார்ட் டிஸ்க். நடுவில் ஒரு சுவர். டிஸ்க்கில் இருப்பதை டிவியில் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து போய், அதை எடுத்து வந்து, டிவியின் முதுகில் செருக வேண்டும். “அவ்வளவுதானே, செருகிட்டுப் பாருங்களேன்” என்பது என் மனைவியின் கட்சி. ஆனால் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்த ஆண்பிள்ளைக்கு எழுந்து நடப்பது கௌரவக் குறைச்சல். அரை நிமிஷ நடையை மிச்சப்படுத்த அவன் மாதக்கணக்கில் உட்கார்ந்தபடியே உழைப்பான்.

அந்த உழைப்புக்கு மீடியா சர்வர் என்று பெயர். விஷயம் எளிது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இரவும் பகலும் விழித்திருக்கும். படம், பாட்டு, போட்டோ எல்லாம் அதன் வயிற்றில். டிவியில் ஓர் ஆப். டிவி கேட்கும், கம்ப்யூட்டர் கொடுக்கும், ரவுட்டர் இடையில் சுமக்கும். தொண்ணூறுகளில் தெருக்கோடியில் ஒரு ரூம் பிடித்து, விசிஆர்களை அடுக்கி, மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒயர் இழுத்து, ராத்திரியானால் படம் போட்டாரே கேபிள்காரர், அவர் செய்ததும் இதேதான். மாசம் பிறந்தால் அவருக்குப் பணம் கிடைத்தது, கூடவே வசவும் கிடைத்தது. எனக்கு இரண்டாவது மட்டும்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில், ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டிய மினி கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. “எதுக்கு சார்?” என்றார் கடைக்காரர். சொன்னேன். “எல்லாம்தான் யூடியூப்லயே வருதே சார்” என்றார். விற்கிறவரே வேண்டாம் என்று சொல்லும் பொருளை வாங்க ஒரு தனி நெஞ்சுரம் வேண்டும். வாங்கிவிட்டேன்.

வீட்டில் முதல் கேள்வி கரண்ட் பில். இந்த ரகம் சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட் இழுக்கும். மாதத்துக்கு 7 யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் கணக்கெடுப்பதால், 14 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம்தானே, அதில் போகட்டும் என்றேன். “அந்த நூறை ஃப்ரிட்ஜ் தின்னு முடிச்சு ரொம்ப நாளாச்சு. நாம இப்போ 490-ல நிக்கறோம்” என்றாள். 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே எகிறும் என்பது தமிழ்நாட்டில் வீட்டுக் கணக்குப் பார்க்கும் எல்லோருக்கும் மனப்பாடம். அன்றிலிருந்து என் அறையில் பகலில் ஃபேன் ஓடுவதில்லை. சர்வருக்குத்தான் காற்று தேவையாம்.

அடுத்தது மென்பொருள். 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டு, 2014-இல் கோடி என்று பேர் மாற்றிக்கொண்டது ஒன்று. அதிலிருந்து பிரிந்து போனது ப்ளெக்ஸ். எம்பி என்று இன்னொன்று இருந்தது. அது தன் மூலநிரலை இனி யாருக்கும் காட்டமாட்டேன் என்று மூடிக்கொண்டதும், 2018 டிசம்பரில் கோபித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் ஆரம்பித்தது ஜெல்லிஃபின். காசும் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது. எதையும் இலவசமாகக் கொடுப்பவரிடம் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

கையில் சரக்கு இருந்தது. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கிவிட்டபோது, வெண்டைக்காய் வாங்கப் போனவர்கள்கூடப் படத்தோடு திரும்பினார்கள். அப்படிச் சேர்ந்த வட்டுகள் ஒரு பெட்டி நிறைய. அவற்றை ஒவ்வொன்றாக டிஸ்க்கில் ஏற்றியாயிற்று. ஏற்றுவது வேலையே இல்லை. பேர் வைப்பதுதான் வேலை. கோப்பின் பெயரைப் பார்த்து, இணையத்திலிருந்து போஸ்டர், நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம் எல்லாவற்றையும் ஜெல்லிஃபின் தானே கொண்டுவந்து ஒட்டிவிடும். பெயருக்குப் பக்கத்தில் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லி அது கெஞ்சுகிறது. ஏன் என்பது தமிழ்ப் படங்கள் வைத்திருப்பவருக்குத்தான் புரியும். பில்லா 1980-இலும் உண்டு, 2007-இலும் உண்டு. முரட்டுக்காளை 1980-க்கும் 2012-க்கும், தில்லு முல்லு 1981-க்கும் 2013-க்கும் பொது. எங்களோடு இருக்கும் என் மாமியார், ரஜினி போஸ்டரை அமுக்கி அஜித் வந்ததும், “மாப்பிள்ளை, ஆள் மாறி வந்திருக்கு” என்றார். பழைய கேபிள்காரரிடம் சொல்கிற அதே குரல்.

சூர்யா நடித்த 24 இன்னும் மோசம். அதைப் பார்த்த சர்வர், அதே பெயரில் ஓடிய அமெரிக்கத் தொடரின் நாயகன் படத்தைத் துப்பாக்கியோடு கொண்டுவந்து நிறுத்தியது.

பிறகு சத்தம். ஒரு டிவிடியில் படம் பளிச்சென்று வந்தது, பேச்சு வரவில்லை. நாலு பேர் கோபமாக வாயசைத்தார்கள். ஒரு காலத்தில் ‘டிடிஎஸ்’ என்று போஸ்டரில் போட்டால்தான் தியேட்டருக்குப் போவோம். அந்த டிடிஎஸ் ஒலியை அவிழ்க்க உரிமம் வேண்டும், உரிமத்துக்குக் கட்டணம் உண்டு. டிவி செய்கிறவர்கள் பலர், எதற்கு வம்பு என்று அதை விட்டுவிட்டார்கள். ஆக, வட்டில் ஆறு ஸ்பீக்கருக்கான சத்தம் இருக்கும், டிவிக்குக் காது கேட்காது. இந்த இடத்தில்தான் சர்வர் தன் சம்பளத்துக்கு வேலை செய்கிறது. டிவிக்குத் தெரிந்த மொழியில் ஒலியை அந்தந்த விநாடியே மாற்றிக் கொடுத்துவிடுகிறது. ட்ரான்ஸ்கோடிங் என்பார்கள். ஒலியை மாற்றுவது அதற்குத் தூசு. படத்தையே மாற்றுவதுதான் முதுகை ஒடிக்கும். என் மகனோ தமிழ்ப் படத்தைக்கூட ஆங்கில சப்டைட்டில் இல்லாமல் பார்க்கமாட்டான். டிவிடியின் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் குட்டிக் குட்டிப் படமாக இருப்பதால், அதைக் காட்டுவதற்காக மொத்தப் படத்தையும் சர்வர் புதிதாகச் செய்ய வேண்டிவரும். ஹாலில் அவன் சப்டைட்டிலைப் போட்டால் பெட்ரூமில் கம்ப்யூட்டரின் விசிறி அலறும். தமிழ் புரியாததால் என் வீட்டில் ஆகும் மின்செலவு இது.

இவ்வளவும் சினிமாவுக்காக. ஆனால் சினிமாவை யாரும் பார்ப்பதில்லை. சர்வர் வைத்திருக்கும் என் நண்பர்கள் எல்லோருக்கும் இதே அனுபவம்தான்: போஸ்டர்களை மேலும் கீழும் ஓட்டுவார்கள், தூங்கப் போய்விடுவார்கள். என் வீட்டில் உண்மையான வசூல் ராஜா, அலமாரியின் அடித்தட்டில் கிடந்த கல்யாண கேசட்.

எங்கள் கல்யாணம் 1994-இல். மூன்று மணி நேர விஎச்எஸ் கேசட், வெல்வெட் அட்டைப்பெட்டியில். அதை ஏற்ற முதலில் ஒரு விசிஆர் வேண்டும். கடைசிவரை விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு அந்தத் தயாரிப்புக்கு மூடுவிழா நடத்திவிட்டது. நல்லவேளை, சின்ன மாமா வீட்டுப் பரணில் ஒன்று இருந்தது. எதையும் தூக்கிப் போடாதவர்களை நாம் கேலி செய்யக்கூடாது. சென்னைக் கடற்காற்றில் நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்து, காயவைத்து, மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைக் கம்ப்யூட்டரில் மாட்டினோம். இதில் குறுக்குவழியே கிடையாது. மூன்று மணி நேர நாடா மூன்று மணி நேரம் ஓடித்தான் ஏறும். அதாவது உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். தாமரை மலர, அதற்குள்ளிருந்து என் முகம் வந்தது. அதில் எனக்கிருந்த முடியைப் பார்த்து என் மகன், “இது யாருப்பா?” என்றான்.

மைத்துனியின் கல்யாணம் 2003, விசிடி காலம். விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிகள். எங்கள் ஹாலில் இருக்கும் 4கே டிவிக்கு 3840-க்கு 2160. வகுத்துப் பார்த்தால், திரையில் தெரியும் ஏறத்தாழ 82 புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் நடந்தது தெரியும், மற்றதெல்லாம் டிவியின் யூகம். சித்தி கழுத்தில் இருந்தது இரட்டை வடமா ஒற்றை வடமா என்று வீட்டில் நடந்த வாக்குவாதம் இந்த யூகத்தை நம்பித்தான் நடந்தது.

சாப்பாட்டுப் பந்திக் காட்சிதான் எல்லோருக்கும் இஷ்டம். இலையில் கை வைக்கும் நேரம் பார்த்து வீடியோகாரர் முகத்தில் லைட்டை அடிப்பார். வாயில் சாம்பார் சாதத்தோடு முழு ஊரும் மாட்டியிருக்கிறது. அத்தை, அதாவது என் மாமியார், தினமும் அதைப் போட்டுப் பார்த்து ஆள் கணக்கெடுக்கிறார். “இவர் வெறும் கையோட வந்தவர்.” “இவ கட்டியிருக்கிறது என் புடவை.” சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு, “அந்தப் பந்தியில நான் எத்தனாவது வரிசை?” என்று கேட்கிறார்கள்.

கேபிள்காரரின் நிம்மதி அன்றோடு போயிற்று. வைஃபைக்கும் டிவிக்கும் நடுவில் இரும்பு பீரோ நிற்பதால் படம் அவ்வப்போது சுற்றும். பீரோவை நகர்த்தலாமா என்று கேட்டேன், வாஸ்து என்றார்கள். சுவரோரமாக லேன் கேபிள் இழுத்தேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் இன்னொரு கூத்து. திரும்பி வந்ததும் ரவுட்டர் சர்வருக்குப் புது முகவரி கொடுத்துவிடும், டிவி பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். சர்வருக்கு ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லி ரவுட்டரில் எழுதிவைத்தால் தீரும். அது தெரியவரும் வரை, ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது, “மாப்பிள்ளை, கல்யாணம் வரலை” என்று போன் வரும். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

போன வாரம் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஊரில் கொழுந்தனாரோடு வேலித் தகராறு முற்றிவிட்டது.

“மாப்பிள்ளை, அந்தாளு வர்ற இடத்தையெல்லாம் கேசட்லேருந்து வெட்டிடுங்க.”

“பந்தியில வெட்டிடலாம் அத்தை. தாலி கட்டுற இடத்துல என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரே. அவரை வெட்டினா நானும் சேர்ந்து போயிடுவேன்.”

அத்தை ரிமோட்டை எடுத்து அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பொண்ணு மட்டும் நல்லாத் தெரியறாளே மாப்பிள்ளை. அது போதுமே.”