டம்ளர் சொல்லும் சாட்சி

கேள்வி: ஜெரேனியம் பூச்செடி வாடினால் தண்ணீர் ஊற்றாமல், அமெரிக்கர்கள் ஏன் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்?

பதில்: தண்ணீர் இருந்தும் வாடுவதால்தான். தொட்டி மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால், தண்டுக்குள் ஓடும் நீர்க்குழாயில் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். அடைப்பது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா என்றால், தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி படும்படி பிடித்தால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்நூல் போலக் கசிவு இறங்கும். பூஞ்சை வாடலில் இந்த வித்தை நடக்காது. “அப்புறம் ஆய்வகம் எதற்கு?” என்பீர்கள். ஜெரேனியத்தை வாட்டும் சாந்தோமோனாஸும் பாக்டீரியாதானே! டம்ளருக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது. செடிச் சாற்றில் நனைக்கும் கீற்றுச் சோதனை ரால்ஸ்டோனியா என்று சொல்லும். எந்தப் பிரிவு என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளும். குளிரான ஊர்களிலும் உருளைக்கிழங்கை அழுகவைக்கும் ‘ரேஸ் 3 பயோவார் 2’ பிரிவைக் காட்டிக்கொடுப்பது பி.சி.ஆர். மரபணுச் சோதனை. 2003-இல் கென்யாவிலிருந்தும், 2020-இல் குவாத்தமாலாவிலிருந்தும் போன ஜெரேனியத் துண்டுகளில் அந்தப் பிரிவு அமெரிக்காவுக்குள் நுழைந்தது. உயிரிப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கிருமிப் பட்டியலிலேயே அதைச் சேர்த்திருந்தார்கள். பூந்தொட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றால், பூ வாங்குகிறவர்தானே உருளைக்கிழங்கு சிப்ஸும் கொறிக்கிறார்?