தோட்டத்து ரயில்வே நிர்வாகம்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வளர்ந்த மனிதர் ஒருவர், சொந்தச் செலவில், சொந்தத் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சிறு ரயிலை ஓட்டுவது ‘தோட்ட ரயில்’ எனப்படும். இவ்வரையறையின் நான்கு கூறுகளும் இன்றியமையாதவை. ஓட்டுபவர் சிறுவராயின் அது விளையாட்டு. செலவு அரசினுடையதாயின் அது திட்டம். இடம் பிறருடையதாயின் அது ஆக்கிரமிப்பு. ரயில் வேறோர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அது போக்குவரத்து. நான்கும் பொருந்தி வந்தால்தான் இக்கட்டுரையின் எல்லைக்குள் வரும்.

பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இப்பழக்கம் உள்ளோர் பலர். அவர்களுள் கணிசமானோர் பெரிய பாதையில் பறக்கும் எக்ஸ்பிரஸ்களை ஒதுக்கிவிட்டு, மலையோரம் கற்பலகை சுமந்து ஊர்ந்த நேரோ கேஜ் வண்டிகளையே தேடிப் பிடிக்கிறார்கள். ஏற்கெனவே சிறியதாக இருப்பதை மேலும் சிறிதாக்குவானேன் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட சிக்கல். நமது கருதுகோள் இது: இவர்களுடைய ஆசை ரயிலின் மேல் அன்று, ரயில்வேயின் மேல். ரயிலில் போக ஆசைப்படுபவருக்கு டிக்கெட் போதும். ரயில்வேயை நடத்த ஆசைப்படுபவருக்குத் தோட்டம் வேண்டும்.

2. முன்னோர் மரபு

இத்துறையின் ஆதி ஆசிரியர் சர் ஆர்தர் ஹேவுட் என்னும் ஆங்கிலேயச் செல்வந்தர். 1874இல் டெர்பிஷயரில் டஃபீல்ட் பேங்க் என்ற தமது இல்லத்து வளாகத்தில் 15 அங்குல அகலத்தில் பாதை போட்டார். ஆள் ஏறிச் செல்லும் ரயிலுக்குக் குறைந்தபட்ச அகலம் இதுதான் என்பது அவர் கொள்கை. அதை நிறுவ ஒரு நூலும் எழுதினார். நாம் செய்வது போலி ஆய்வு. அவர் செய்தது மெய்யாகவே ஆய்வு. இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

அந்தப் பாதைக்கென அவர் சாப்பாட்டுப் பெட்டியும் படுக்கைப் பெட்டியும் செய்துவைத்திருந்தார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தோட்டத்தைச் சுற்றிவரும் பயணிக்கு எந்த இடத்தில் பசிக்கும், எந்த ஊரில் பொழுது விடியும் என்ற கேள்விகளால் ஹேவுட் கலங்கவில்லை. வசதி செய்து தருவது நிர்வாகத்தின் பொறுப்பு; பயணம் முடிந்துபோவது பயணியின் பாடு. 1896இல் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் ஈட்டன் ஹால் மாளிகைக்கும் இதே அகலத்தில் ஒரு பாதை அமைத்துக் கொடுத்தார்.

இரண்டாம் சான்று வால்ட் டிஸ்னி. 1950இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தம் புதுவீட்டு வளாகத்தில் ஏழேகால் அங்குலப் பாதையை ஏறத்தாழ அரை மைலுக்குப் போட்டார். பாதையின் குறுக்கே மனைவி லில்லியனின் பூந்தோட்டம் வந்தது. உலகின் எந்த ரயில்வேக்கும் வரும் நிலம் கையகப்படுத்தும் சிக்கல்தான். டிஸ்னி இரண்டு வழிகளைக் கையாண்டார். பூந்தோட்டத்துக்கு அடியில் 90 அடி நீளத்துக்கு வளைந்து செல்லும் சுரங்கம் தோண்டினார். வழித்தட உரிமையை முறையான ஒப்பந்தப் பத்திரமாக எழுதி மனைவியிடம் கையெழுத்தும் வாங்கினார். எஞ்சினுக்கு ‘லில்லி பெல்’ என்று அவர் பெயரையே வைத்தார். இதை இழப்பீட்டுத் தொகையாகக் கொள்வர். 1955இல் திறந்த டிஸ்னிலாண்டைச் சுற்றி ஓடுவதும் மூன்றடி அகல நேரோ கேஜ் ரயில்தான்.

சாமானியர் கைக்கு இந்நோய் வந்து சேர்ந்த ஆண்டு 1968. நியூரம்பர்க்கின் லேமான் கம்பெனி, மழையிலும் வெயிலிலும் கிடக்கக்கூடிய பித்தளைத் தண்டவாளத்தோடு ‘எல்.ஜி.பி.’ என்ற வரிசையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 45 மி.மீ. அதன்பின் கோமகனாக இல்லாதவர்களும் ரயில்வே போர்டு நடத்தலாயினர்.

3. அளவை இயல்

இந்த 45 மி.மீ. தனித்து ஆராயத்தக்கது. மெய்யான மீட்டர் கேஜை 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 45 மி.மீ. வரும். அமெரிக்காவின் மூன்றடிப் பாதையை 20.3இல் ஒரு பங்காக்கினாலும் அதுவே வரும். ஐரோப்பிய, அமெரிக்கப் பெரிய ரயில்களின் பாதையை 32இல் ஒரு பங்காக்கினாலும் அதுவே. இவை போதாவென்று 24, 29 என்ற பங்குகளில் செய்த வண்டிகளும் அதே தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஆகவே ஒரே தோட்டத்தில், ஒரே பாதையில், மலை ரயிலின் குட்டி எஞ்சின் நின்று, பக்கத்தில் வரும் மாபெரும் அமெரிக்க எஞ்சினின் தலையைத் தட்டிக் கொடுக்கும் காட்சியைக் காணலாம்.

எல்.ஜி.பி.யின் அடையாளமாகவே ஆகிவிட்ட ‘ஷ்டைன்ஸ்’ என்ற எஞ்சினின் அசல், ஆஸ்திரியாவில் 760 மி.மீ. பாதையில் ஓடியது. கணக்குப்படி அதன் மாதிரிக்கு 34 மி.மீ. அகலத்தில் பாதை போட்டிருக்க வேண்டும். அது இன்றுவரை 45இல்தான் ஓடுகிறது; தடம் புரண்டதாகத் தகவல் இல்லை.

பிரிட்டிஷார் இதில் வேறு மதம். ஒரு அடிக்கு 16 மி.மீ. என்பது அவர்கள் கணக்கு. இரண்டடி அகல டார்ஜிலிங் ரயில் 32 மி.மீ. பாதையில் மயிரிழை பிசகாமல் பொருந்தும். தோட்டம் இல்லாத ஏழைகளுக்கு ‘டபிள் ஓ நைன்’ என்ற மேசைப் பிரிவும் உண்டு. ஒரு அடிக்கு 4 மி.மீ.; தண்டவாளம் வேறொரு சிறிய அளவிலிருந்து இரவல் வாங்கிய 9 மி.மீ. இரவல் கணக்கில் வந்த இந்த அகலம் வேல்ஸ் நாட்டு டாலிலின் ரயிலின் 686 மி.மீ. பாதைக்கு அப்படியே சரியாக அமைந்துவிட்டது. திட்டமிட்டுச் செய்ததில் கிடைக்காத துல்லியம் தற்செயலில் கிடைத்தது என்பது இவ்வியலின் முதல் முடிபு.

4. நீலகிரிக் கணக்கு

நம் மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில் மீட்டர் கேஜ். எனவே 22.5 என்ற வகுக்கும் எண் அதற்கு இயல்பாகவே பொருந்தும். முழுப் பாதையையும் ஒருவர் தம் தோட்டத்தில் அமைக்க எண்ணினால் ஆகும் தேவைகள் வருமாறு.

நீளம் 46 கி.மீ.; சுருக்கினால் 2 கி.மீ. சற்று மிகும். சுரங்கங்கள் 16, பாலங்கள் 250. இவற்றை எந்த எண்ணாலும் வகுக்க முடியாது, அத்தனையும் கட்டியாக வேண்டும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர், உதகை 2,203 மீட்டர். இடையிலுள்ள ஏற்றத்தை 22.5 ஆல் வகுத்தால் 83 மீட்டர். திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரமும் 83 மீட்டர்தான். ஆகவே வீட்டுத் தோட்டத்தில் மலைக்கோட்டை ஒன்று இருப்பவர்கள் உடனே வேலையைத் தொடங்கலாம். அந்த மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்ததும் அதே திருச்சியின் பொன்மலைப் பணிமனைதான் என்பதால் உதிரிபாகப் பிரச்சினையும் இராது.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். மலையேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அதே நேரத்தில் தோட்டத்து ரயிலும் ஏற வேண்டுமானால் விநாடிக்கு 11 செ.மீ. நகர வேண்டும். அது உதகை சேர்வதற்குள் நிர்வாகி காபி குடித்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிடலாம்.

இத்தகைய இடையூறுகளால்தான் ‘திருத்தப்பட்ட உண்மை’ என்ற கோட்பாடு பிறந்தது. ஸ்விட்சர்லாந்தின் பெர்னினா மலைப்பாதையில் மிகக் கடுமையான வளைவின் ஆரம் 45 மீட்டர். தோட்டத்தில் அது 2 மீட்டராக இருக்க வேண்டும். கடையில் விற்கும் மிகச் சிறிய வளைவின் ஆரமோ 60 செ.மீ. நீண்ட பெட்டிகள் அதில் திரும்பும்போது இரு முனைகளும் பாதையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு போகும். இதைக் காணாதிருக்கும் பொருட்டு அமெரிக்க ஆர்வலர்கள் பத்தடி விதியை வகுத்துள்ளனர்: பத்தடி தூரத்திலிருந்து தெரியாத குறை குறையே அன்று.

5. சுருங்க மறுக்கும் இயற்கை

மனிதன் செய்தவை எல்லாம் 22.5இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இறைவன் படைத்தவை சுருங்கா. 3 மி.மீ. மழைத்துளி அந்தச் சிற்றுலகில் சாத்துக்குடிப் பருமனில் வந்து விழும். தோளுயரம் 25 செ.மீ. உள்ள வீட்டுப் பூனை, 5.6 மீட்டர் உயரத்தில், அதாவது யானையைப் போல் ஏறக்குறைய இரு மடங்காக, பிளாட்பாரத்தில் படுத்துறங்கும். தண்டவாளத்தைக் கடக்கும் நத்தை தானும் போய், சக்கரங்களின் பிடிப்பையும் கொண்டுபோகும்.

வெயில் அதனினும் கொடிது. 20 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 11 மி.மீ. நீளும். சிற்றுலகக் கணக்கில் இது கால் மீட்டர். இணைப்புகளில் இடைவெளி விடாதவர்களின் பாதை மதியத்தில் பாம்பு போல் நெளியும்; ஆங்கே மதிய வண்டிகள் ரத்து செய்யப்படும்.

எடை மட்டும் நமக்குச் சாதகம். நீளம் 22.5இல் ஒரு பங்கானால் கனஅளவு 11,390இல் ஒரு பங்காகும். 50 டன் எஞ்சின் 4.4 கிலோவாகிவிடும். நிர்வாகி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழைக்கு முன் வீட்டுக்குள் ஓடிவரலாம். எந்த நாட்டு ரயில்வே அமைச்சருக்கும் கிட்டாத பேறு இது.

6. நீராவிச் சடங்கு

மின்சாரத்தில் ஓடும் எஞ்சினுக்குப் பொத்தானை அழுத்தினால் போதும். ஆதலால் உயர்நிலை நிர்வாகிகள் அதை விரும்பார். அவர்கள் நாடுவது மெய்யான நீராவி எஞ்சினை. அதற்குரிய கிரமம் வருமாறு.

முதலில் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு சிலிண்டருக்குப் போகும் எண்ணெய்க் கிண்ணத்தில் கெட்டியான நீராவி எண்ணெய். கொதிகலனில் வாலை வடித்த தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்புப் படியும். அடுத்து, கையடக்க டப்பாவைக் கவிழ்த்துப் பியூட்டேன் வாயுவை ஏற்றுவர். வாயுத் தொட்டி நிறைந்ததும் சீறித் துப்பும். வாயுத் திருகை மயிரளவு திறந்து, புகைபோக்கியின் வாயில் நெருப்பைக் காட்டினால், ‘துப்’ என்ற ஒலியோடு சுடர் உள்ளே பாய்ந்து கொதிகலன் குழாய்க்குள் போய் உட்காரும். இவ்வொலியைக் கேட்கும்போது நிர்வாகியின் முகத்தில் தோன்றும் நிறைவைப் படம் பிடிக்க எவரும் அனுமதிக்கப்படுவதில்லை.

சில நிமிடங்களில் அழுத்தமானியின் முள் எழும். உடனே ஓட்டிவிட முடியாது. குளிர்ந்த சிலிண்டரில் நீராவி நீராகி நிற்கும். எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் தள்ளினால் புகைபோக்கி வழியே வெந்நீரும் எண்ணெயும் கலந்து மேலே தெறிக்கும். வெள்ளைச் சட்டை அணிந்தவர்கள் இந்தக் கட்டத்தில் அடையாளம் காணப்படுவர். அதன்பின் எஞ்சின் மூச்சுவாங்கிக்கொண்டு தானாக நகரும். ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். தண்ணீர் வற்றுமுன் வாயு தீரும்படி அமைத்திருப்பதால் கொதிகலன் கருகாது. அடுத்த வண்டிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே ஓட்டுநர், ஃபயர்மேன், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர், கேங்மேன் எல்லாம் ஒருவரே. இத்தனை பேரும் ஒத்துழைத்தும் வண்டி தாமதமாகத்தான் புறப்படுகிறது.

7. தடையும் விடையும்

‘எங்கும் போய்ச் சேராத ரயிலால் பயன் என்ன?’ எனின், கூறுதும். போய்ச் சேராத ரயிலுக்குத் தாமத வருகை இல்லை, நஷ்டக் கணக்கு இல்லை, தவறவிட்ட பயணி இல்லை. பயணிகளை நீக்கிய பின்னரே ரயில்வே தன் முழுமையை அடைகிறது.

‘அஃதேல், பெரிய ரயில்வேயையே சிறிதாக்கலாமே, நேரோ கேஜ் எதற்கு?’ எனின், அற்றன்று. பெரிய ரயில்வேயை ஒருவர் முழுதாக அமைக்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் வேண்டும். டாலிலின் ரயில்வே 1860களில் வாங்கிய இரண்டே எஞ்சின்களை வைத்துக்கொண்டு எண்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளியது. ஆகவே இரண்டு எஞ்சின் வாங்கியவர் அந்தக் கம்பெனியின் முழுச் சொத்தையும் வாங்கியவர் ஆகிறார். ஒரே மனிதனின் கைக்கும் கவனத்துக்கும் அடங்கும் ரயில்வே இது ஒன்றே.

அதே டாலிலினை 1951இல் ஆர்வலர்கள் ஏற்று, சம்பளம் இல்லாமல் நடத்தத் தொடங்கினார்கள். தொண்டர்களால் காப்பாற்றப்பட்ட உலகின் முதல் ரயில்வே அது. ரயில் எஞ்சின் கதைகள் எழுதிய பாதிரியார் ஆட்ரி அங்கே கார்டு வேலை பார்த்தார். சிற்றுண்டி விற்கும் அம்மையாரை ஏற்றாமலே வண்டியை அனுப்பிவிட்டு, அதையும் ஒரு கதையாக எழுதினார். கேள்வி கேட்க மேலதிகாரி இல்லாத ரயில்வேயில் கடமை தவறினால் இலக்கியம் கிடைக்கும். அசல் அளவிலேயே நடந்தாலும் இது தோட்ட ரயில்தான். தோட்டம் மட்டும் சற்றுப் பெரிது.

8. முடிபும் பரிந்துரையும்

நமது கருதுகோள் நிறுவப்பட்டது. பெரிய உலகத்தில் நம் சொல்லுக்கு ஒரு சிக்னல் கூட இறங்காது. நேரோ கேஜில் அனைத்தும் இறங்கும். இறங்காவிட்டால் விரலால் இறக்கிவிடலாம். சண்டை சச்சரவின்றி ஒரு துறையை நடத்திப் பார்க்கும் இந்த வாய்ப்பை, பைத்தியம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னாலும், மனிதன் கைவிடலாகாது.

வாசகருக்கு ஒரு சொல். வட்டப் பாதைக்குப் பன்னிரண்டு வளைவுத் துண்டுகள் போதும், குறுக்களவு 1.2 மீட்டர்தான், நம் மொட்டை மாடியில் தாராளமாக அடங்கும். ஆனால் வடாம் காயப்போடும் இடத்தின் குறுக்கே பாதை வருமானால், முதல் துண்டை வாங்குமுன் வழித்தட உரிமைப் பத்திரத்தில் வீட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.