செவித்துளையும் தென்னந்தோப்பும்: கொங்கு நாட்டுக் காதுகுத்து பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

முகூர்த்த நாளில் கோயம்புத்தூரிலிருந்து காங்கேயம் வரை பஸ்ஸில் போகிறவர் எவரும் இதைக் கண்டிருப்பார். மண்டப வாசலில் வாழைமரம்; அதற்கு மேல் பிளக்ஸ் பேனர்; பேனரில் விழா நாயகனான ஒரு வயதுக் குழந்தை; அதைவிடப் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன். உள்ளே ஆசாரி போடப்போகும் துளை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. அதற்கு ஆகும் நேரம் ஒரு தும்மலுக்கு ஆவதுதான். இந்தச் சிறு துளையைச் சுற்றிக் கெடா வெட்டும், மூன்று பந்தியும், மொய் நோட்டும், இரண்டு டெம்போ நிறைய ஒரம்பரையும் கூடுவது ஏன் என்பதே இவ்வாய்வு எடுத்துக்கொண்ட சிக்கல்.

2. முன்னோர் ஆய்வுகளும் அவற்றின் குறைகளும்

1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட ஊட்ஸி என்ற மனிதன் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகின்றன. அவன் காதுமடல்கள் குத்தப்பட்டு, துளை நன்றாகப் பெருக்கப்பட்டிருந்தது. கூடவே ஒரு செப்புக் கோடரியும் கிடைத்தது. அது தாய்மாமன் சீரா என்ற கேள்வியை ஐரோப்பிய அறிஞர்கள் இன்றுவரை எழுப்பவில்லை.

சுஸ்ருத சங்கிதை இன்னும் தெளிவானது. குழந்தையின் ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், வளர்பிறையில், செவிலியின் மடியில் வைத்து, விளையாட்டுப் பொருள் காட்டி மயக்கி, வெயிலில் ஒளி ஊடுருவும் இடம் பார்த்துக் குத்தச் சொல்கிறது. ஆணுக்கு வலக்காது முதலில்; பெண்ணுக்கு இடக்காது. பிறகு துளையில் பஞ்சுத்திரி செருக வேண்டும். அறுந்த காதை ஒட்டப் பதினைந்து முறைகளையும் சுஸ்ருதர் தருகிறார். இவ்வளவு எழுதியவர் மாமனை மறந்துவிட்டார். பந்தியைப் பற்றியும் மூச்சில்லை. அவர் கொங்கு நாட்டுப் பக்கம் வந்ததில்லை என்பதற்கு இதைவிட வலுவான அகச்சான்று தேவையில்லை.

வந்திருந்தால் நொய்யல் கரைக் கொடுமணலில் நின்றிருப்பார். அங்கே 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் சூதுபவளம், படிகம் போன்ற கற்களை மணியாக்கித் துளையிட்ட பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லைத் துளைத்த வட்டாரத்துக்குக் காதுமடல் எம்மாத்திரம்? ஆகவே, சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை.

3. களத்தில் கண்டவை

குலதெய்வக் கோயிலில் மொட்டை. மொட்டையில் சந்தனம். மாமன் மடி. ஆசாரி காதில் சந்தனப் பொட்டு வைத்து, இரண்டு பக்கமும் மட்டமா என்று தள்ளி நின்று பார்க்கிறார். சுஸ்ருதரின் விளையாட்டுப் பொருளுக்குப் பதிலாகச் செல்போன் நீட்டப்படுகிறது. "அங்க பாரு கண்ணு, காக்கா!" கூர் சீவிய தங்கக் கம்பி உள்ளே போகிறது. இதைத் தொடரும் அழுகை மூவகைப்படும்.

அ. முன்னழுகை: மொட்டைக்குத் தலையில் தண்ணீர் தெளித்த உடனே தொடங்குவது, குத்துவதோடு தொடர்பற்றது.

ஆ. நேரழுகை: குத்தும்போது எழுவது, பால்புட்டியில் அடங்குவது.

இ. பின்னழுகை: இது குழந்தையைச் சேர்ந்ததன்று. இரவு வீடு திரும்பியபின் நகைக்கடை பில்லைக் கையில் எடுக்கும் மாமன் மனைவியிடம் தோன்றுவது, ஒலியற்றது, பல மாதம் நீடிப்பது.

கூட்டத்தின் பார்வை எங்கே இருந்தது என்பதும் பதிவுக்குரியது. காது சிவந்ததா என்று யாரும் கேட்கவில்லை. முன்வரிசைப் பெரியவர் கேட்டது: "ஏம் மாப்ள, கம்மலு எத்தன கிராமுங்?"

4. கருதுகோள்

பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட கொங்குச் சமூக ஆய்வும், அவர் பதிவுசெய்த அண்ணன்மார் கதையும், இந்நாட்டில் அண்ணன் தங்கை உறவு எவ்வளவு கனமானது என்று காட்டுகின்றன. அந்தக் கனத்தை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு வேண்டும். தோட்டமும் கிணறும் பையனுக்கு. பெண்ணுக்கு அவ்வப்போது சீர் என்பதே நெடுங்கால வழக்கு. எனவே காதுகுத்து என்பது பிறந்த வீட்டுச் சொத்து பெண்பக்கம் சொட்டுச் சொட்டாகக் கசிவதற்கு வைத்த துவாரம். காதில் போடுவது அடையாளத்துளை. உண்மைத்துளை மாமன் சட்டைப்பையில் விழுகிறது.

தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்த சட்டத் திருத்தங்கள், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தன. அதன்பின் சீர் வற்றியிருக்க வேண்டும். வற்றவில்லை, பேனர்தான் பெரிதானது. காரணம் எளிது. காதுகுத்துக்கு இரண்டு பவுன் போட்ட அண்ணன், அடுத்த வருஷம் விடுதலைப் பத்திரத்தோடு வந்து, "ஒரு கையெழுத்துதான் அம்மணி" என்கிறான். கம்மலைத் தடவியபடி தங்கை போடுகிறாள். ஒரு மில்லிமீட்டர் துளை வழியாக ஒரு தென்னந்தோப்பு மறுபடி அண்ணன் பக்கம் போய்விடுகிறது. இயற்பியல் இதை இன்னும் விளக்கவில்லை.

5. ஒப்பீட்டுக் குழு

காந்திபுரத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி கடைக்குள் போய் மேல்காதில் துளையிட்டு வருகிறாள். பெயர் ஹீலிக்ஸாம். அதே இடத்தில் முருகும் கொப்பும் போட்டிருந்த அவளுடைய அம்மாயி, "இதுக்குக் காசு வேற குடுத்தியா?" என்கிறார். காதுமடல் ஆறச் சில வாரம் போதும். குருத்தெலும்புத் துளை ஆற மாதக்கணக்காகும், சீழ் வைக்கும் வாய்ப்பும் கூடுதல். அதாவது மருத்துவ நோக்கில் இதுவே பெரிய துளை. ஆயினும் கெடா இல்லை, பந்தல் இல்லை, மொய் இல்லை. துளைக்கும் கூட்டத்துக்கும் தொடர்பில்லை என்பது இதனால் நிறுவப்பட்டது.

6. முடிவும் முன்கணிப்பும்

பையன்களின் காதுத் துளை பள்ளிக்கூடம் போகும் வயதில் தூர்ந்துவிடும். மாமனின் துளை தூர்வதில்லை. மருமகள் சடங்கு, மருமகன் கல்யாணம் என்று பெருத்துக்கொண்டே போகும். ஆனால் மாமன் இனமே அருகி வருகிறது. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தைகள். கொங்கு நாடோ "ஒத்தப் புள்ள போதும்" என்று வெகுநாள் முன்பே முடிவெடுத்த மண். ஒற்றை மகளுக்கு அண்ணன் ஏது? இப்போதைக்குப் பெரியப்பா மகன் மடி இரவல் கிடைக்கிறது. மடி தருவதோடு அவன் கடமை முடிகிறது. அவளிடம் வாங்க வேண்டிய கையெழுத்து எதுவும் அவனுக்கு இல்லை.

ஆகவே இவ்வாய்வின் முன்கணிப்பு இது: தோட்டம், கிணறு, தோப்பு மூன்றும் தன் பெயரிலேயே பட்டா உள்ள ஒற்றை மகள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆசாரியிடம் போகும் நாளில், கொங்கு நாட்டு வரலாற்றிலேயே முதல் தடவையாக, காது மட்டும் குத்தப்படும்.