விக்கல் உண்மையா, நடிப்பா? கம்பம் பள்ளத்தாக்கில் அமர வீரர் காதல் பற்றி ஓர் ஆய்வு முன்னோட்டம்

ஆய்வின் நோக்கம்

சாகாத வீரன் ஒருவன். அவனுக்கென்றே முன்னரே விதிக்கப்பட்ட, சாகக்கூடிய பெண் ஒருத்தி. இருவரும் சந்திக்கிறார்கள், அப்புறம் நானூறு பக்கம். ஆங்கிலத்தில் இவ்வகை நாவல்களுக்கென்று கடைகளில் தனி அலமாரி உண்டு. கிறிஸ்டின் ஃபீகன் 1999-இல் 'டார்க் பிரின்ஸ்' எழுதி ஒரு நெடிய வரிசையைத் தொடங்கிவைத்தார். அதில் வரும் கார்ப்பாத்திய ஆண்களுக்கு ஒரு வயதுக்கு மேல் நிறம் தெரியாது, உணர்ச்சியும் வற்றிவிடும்; விதித்த பெண்ணைப் பார்த்த கணத்தில் இரண்டும் திரும்பிவரும். ஜே.ஆர். வார்ட் 2005-இல் 'டார்க் லவ்வர்' மூலம் கத்தியும் தோலுடையுமாக ஒரு வீரர் கூட்டத்தையே இறக்கினார். இவற்றை ஆராய்வதற்கு அங்கே பேராசிரியர்களும் இருக்கிறார்கள். நம் பக்கம் கதை மட்டும் இருக்கிறது, ஆய்வு இல்லை.

அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோக்கமே இல்லாமலும் எழுதியிருப்பேன். ஆனால் 'நோக்கம்' என்று தலைப்பிடாத கட்டுரையை எந்தக் கருத்தரங்கத்திலும் வாங்குவதில்லை.

ஆய்வு எல்லை: ஆண்டிபட்டிக் கணவாய் முதல் குமுளி மலைச்சாலை வரை. கால எல்லை: சங்க காலம் தொட்டு, போன பங்குனியில் விடிய விடிய நடந்த நாடகம் வரை. முதன்மைத் தகவலாளி என் அப்பத்தா.

வகைப்பாடு

கருப்பசாமி, முனியாண்டி முதலியோர்: இரவானால் வேட்டைக்குப் போய்விடுகிறார்கள், காதலுக்கு நேரமில்லை.

மதுரை வீரன்: முதலில் காதல், பிறகே தெய்வம். வரிசை மாறியதால் நீக்கப்பட்டார்.

மோகினி: தகவலாளிகள் அனைவரும், நள்ளிரவில் எங்கே போய்வந்தோம் என்று வீட்டில் ஏதாவது சொல்லியாக வேண்டிய நிலையில் இருந்த ஆண்கள். தரவு ஏற்கத்தக்கதன்று.

தெய்வானை: தேவர்கோன் மகள், மானிடப் பெண் அல்லர். எனவே ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கிறார். (வெளியே நிற்கவைத்தது தவறு என்பது பின்னால் விளங்கும்.)

பொய்வழக்கு வகை

தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய அமர வீரன் காதல் வழக்கு, ஒரு பொய்வழக்கு. குறிஞ்சித் திணைப் பாட்டுகளில் தலைவி இளைக்கிறாள், நிறம் மாறுகிறாள், சோற்றைத் தொடுவதில்லை. தாய் கட்டுவிச்சியைக் கூப்பிடுகிறாள். கட்டுவிச்சி குறி பார்த்து, முருகு அணங்கியது என்று தீர்ப்புச் சொல்கிறாள். உடனே வேலன் என்ற பூசாரி வருகிறான், களம் இழைக்கிறான், ஆட்டுக்குட்டியை அறுத்து வெறியாடுகிறான். உண்மைக் குற்றவாளியோ பக்கத்து மலைக்காரப் பையன். அவன் இதையெல்லாம் தினைப்புனத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆக, அமர வீரன்மேல் சந்தேகம் விழுந்து, மனிதன் தப்பித்துக்கொள்கிறான். வெளிநாட்டு நாவல் எதிலும் இந்தத் திருப்பத்தை நான் பார்த்ததில்லை. நற்றிணை 34-இல் தோழி முருகனையே நேராகப் பிடித்துக்கொள்கிறாள். இது உன்னால் வந்த நோயில்லை என்று உனக்கே தெரியும், அப்படியிருந்தும் கூப்பிட்டார்கள் என்று வந்து நிற்கிறாயே, தெய்வமே ஆனாலும் உனக்கு விவரம் போதாது என்கிறாள். சாகாத வீரனிடம் இப்படிப் பேசிய பெண்ணுக்கு அப்புறம் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுக்குட்டியின் தரப்பு எந்தத் தொகை நூலிலும் பதிவாகவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

வள்ளி வகை

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் போரில் முடியவில்லை, கல்யாணத்தில் முடிகிறது. சூரபதுமனை அடக்கியாயிற்று, தேவர்களைச் சிறை மீட்டாயிற்று, தெய்வானையை மணந்தாயிற்று. நூல் முடிய வேண்டிய இடத்தில் நாரதர் தணிகைக்கு வந்து, ஒரு வேட்டுவச் சேரியில் பெண் ஒருத்தி தினை காக்கிறாள் என்று துப்புக் கொடுக்கிறார். விதி ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்புதான். முற்பிறவியில் அவள் திருமாலின் மகள் சுந்தரவல்லி. முருகனையே மணக்க வேண்டும் என்று தவமிருந்து வாக்கும் வாங்கியவள்.

வெளிநாட்டு வீரனாயிருந்தால் இந்த இடத்தில் 'நீ எனக்குரியவள்' என்று உறுமிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருப்பான். இங்கே நடப்பது வேறு. வேடனாக வருகிறார், அவள் தந்தை நம்பிராசன் வந்துவிட, வேங்கை மரமாக நிற்கிறார். கிழவனாகிக் கையேந்துகிறார். வாக்குக் கொடுத்தவர் இவர், விதியும் இவர் பக்கம், கையிலோ வேல். அவ்வளவும் இருந்தும் பரண்மேல் கவண் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் எதுவும் எடுபடவில்லை. கெஞ்சித்தான் ஆகவேண்டியிருந்தது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடமும் இதுதான். ஆனால் பிடித்த இடத்தை ஆராயக் கூடாது என்பது ஆய்வு நெறி என்பதால், விக்கலுக்குப் போகிறேன்.

விக்கல்

கிழவருக்கு வள்ளி தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். தின்கிறார். விக்குகிறது. தண்ணீர் கேட்கிறார். சுனைக்குக் கூட்டிப்போகிறாள். இத்தனை பேர் இத்தனை காலம் இக்கதையைச் சொல்லியும் பாடியும் ஆடியும் வந்திருக்கிறார்கள்; அமரர்க்கு விக்கல் வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. பெரியகுளம் வராக நதியின் இருபுறமும் வடகரை, தென்கரை என்று பிரிந்திருப்பதால் அந்தப் பெயர்களை இரவல் வாங்கிக்கொள்கிறேன். அவ்வூர்க்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வடகரையார் விக்கல் உண்மை என்பர். வேடம் போட்டால் வேடத்தின் உபாதையும் சேர்ந்தே வரும். கிழவனுக்குத் தொண்டை வறளும். தினைமாவு தொண்டையில் ஒட்டும். தென்கரையார் விக்கல் நடிப்பு என்பர். கடலில் மாமரமாய் நின்றவனைப் பிளந்தவருக்கு ஒரு கைப்பிடி மாவு அடைத்துக்கொண்டது என்றால் சூரனுக்கே அவமானம் (தென்கரைப் பேருரை, இரண்டாம் பாகம், கரையான் தின்னாத பக்கம்).

மூன்றாம் கட்சி ஒன்றும் உண்டு. முதல் விக்கல் நடிப்பு, அதை உரக்க நடித்ததால் இரண்டாம் விக்கல் உண்மை என்பது அவர்கள் துணிபு (நடுவாற்றுச் சமரச உரை, அட்டை கிழிந்தது, ஆசிரியர் பெயரும் அதோடு போயிற்று, பலசரக்குக் கடையில் அரைக்கிலோ கடலைப்பருப்போடு கிடைத்தது, எண்ணெய்க்கறைக்கு இடப்புறம்). இந்நூல்கள் எவையும் இன்னும் எழுதப்படவில்லை. அதனாலேயே இவற்றை இதுவரை எவரும் மறுக்கவில்லை.

சுனை எது என்ற கேள்வியும் விக்கலோடு சேர்ந்தது. வேலூர்ப் பக்கத்து வள்ளிமலையிலும் இலங்கைக் கதிர்காமத்திலும் எங்கள் ஊரில்தான் எல்லாம் நடந்தது என்று இடம் காட்டுகிறார்கள். எங்கள் சுருளியில் அருவி இருக்கிறது, குகை இருக்கிறது, வேலப்பர் என்ற பெயரில் முருகனும் இருக்கிறார். ஒரு கருதுகோளுக்கு இது தாராளம். இதைவிடக் குறைந்த தண்ணீரில் எத்தனையோ முனைவர் பட்டங்கள் மிதந்து கரை சேர்ந்திருக்கின்றன.

களச்சோதனை: தினைமாவில் தேன் விட்டுப் பிசைந்து, தண்ணீர் இல்லாமல் தின்று பார்த்தேன். விக்கவில்லை. அப்பத்தாவிடம் முறையிட்டேன்.

"ஏய்யா, தின்னா விக்குமா? யாராச்சும் நெனச்சாத்தான்யா விக்கும். ஒன்னய யாரு நெனைக்கிறா?" (அப்பத்தா, நேர்காணல், முருங்கைக்கீரை உருவும்போது, குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையில், சிரிப்பு உட்பட.)

என் சொந்த வாழ்க்கை குறித்த பகுதியை விடுத்து, கோட்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விக்கினால் எங்கோ யாரோ நினைக்கிறார்கள் என்று பொருள். நினைப்பவர் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் விக்கல் நின்றுவிடும். இவை இரண்டும் தமிழ்நாட்டில் எவரும் மறுக்காத விதிகள். இப்போது தினைப்புனத்துக்குத் திரும்புவோம். அந்த நேரத்தில் அவரை நினைத்திருக்கக்கூடியவர் யார்? வள்ளி நினைத்திருக்க முடியாது. அவள் எதிரிலேயே நிற்கிறாள், எரிச்சலோடு. மிஞ்சுகிறவர் தெய்வானை. ஆகவே விக்கல் உண்மை. அதை நிறுத்துவதற்கு ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும். அந்தப் பெயரை அந்தப் பெண்ணின் எதிரில் சொல்ல முடியாது. ஆகவேதான் தண்ணீர் கேட்டார்.

ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்ட அம்மையாரே ஆய்வின் முடிவைத் தீர்மானித்துவிட்டதால், எல்லையைத் திருத்த வேண்டியிருக்கிறது. நெறியாளர் அனுமதி கிடைத்ததும் திருத்தப்படும்.

யானை

தண்ணீருக்குப் பிறகும் பெண் மசியவில்லை. அண்ணன் கணபதி யானையாக வருகிறார். வள்ளி அஞ்சிக் கிழவரைக் கட்டிக்கொள்கிறாள். அண்ணன் இல்லாத அமரர்கள் என்ன செய்வார்கள் என்பது தனி ஆய்வு. ஆனால் யானையைத் தூது விடலாம் என்பது யானையைப் புராணத்தில் மட்டும் பார்த்தவர்கள் சொல்வது. 2023 மே 27-ஆம் தேதி அரிக்கொம்பன் என்ற காட்டுயானை கம்பம் நகருக்குள் வந்தபோது 144 தடை உத்தரவு போட்டார்கள். ஓர் உயிரும் போயிற்று. மயக்க ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோன பிறகே ஊர் தூங்கியது. இந்தப் பகுதியை இதோடு விடுகிறேன்.

குழிச் சிக்கல்

வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தை வள்ளி. கதை அறிந்தவர்க்கெல்லாம் தெரிந்தது இது. ஆண்டிபட்டி வட்டம் தெப்பம்பட்டிப் பக்கத்து மாவூற்று வேலப்பர் கோயிலில் கதை தலைகீழ். அங்கே பளியர் பழங்குடியினர் வள்ளிக்கிழங்கு தோண்டும்போது கிடைத்தவர் வேலப்பரே. மரத்தடியில் ஊற்று, பூசாரிகள் பளியர்கள், சித்திரை முதல் நாள் திருவிழா. மற்ற ஊரில் குழியிலிருந்து பெண் வந்தாள், எங்கள் ஊரில் மாப்பிள்ளையே வந்தார். குழி ஒன்றா, இரண்டா? ஒன்றெனின் யார் முதலில்? இரண்டெனின் நடுவே சுரங்கம் உண்டா? சிலப்பதிகாரத்தின் காலத்தை இலங்கைக் கயவாகு மன்னன் தலையில் கட்டிவிட்டு, கட்டலாமா கூடாதா என்று நூறாண்டுக்கு மேலாக வாதிடும் அறிஞர் பெருமக்கள், ஒரு மாலைப்பொழுதை இந்தச் சுரங்கத்துக்கும் ஒதுக்கலாம். அதே கருவிகள் போதும்.

கண்ணகி வகை

கயவாகு வந்துவிட்டபடியால் கண்ணகிக்கும் வந்தாயிற்று. மதுரையை எரித்துவிட்டு, வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினான்காம் நாள் வானவூர்தியில் கோவலன் வருகிறான், அழைத்துப்போகிறான். குறவர்கள் பார்த்தார்கள், வியந்தார்கள், குரவையாடி முருகனைப் பாடினார்கள். அந்த மலை, கம்பத்துக்குத் தெற்கே பளியன்குடிக்கு மேலே இருக்கும் வண்ணாத்திப்பாறைதான் என்று 1963-இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அடையாளம் காட்டினார். மங்கலதேவி கண்ணகி கோயில் அங்கே இடிந்து கிடக்கிறது.

இலக்கணப்படி அமர வீரன் யார் என்று பார்த்தால் கோவலன் தேறமாட்டான். அவன் செய்த கடைசி வீரச்செயல் சிலம்பு விற்கப் போனது. போர்த்திறம், சினம், நகரை அழிக்கும் ஆற்றல், அமரத்துவம் எல்லாம் கண்ணகி பக்கம். விதியால் கட்டுண்ட மனிதத் துணை கோவலன்தான். வெளிநாட்டார் இப்போதுதான் யோசிக்கும் மாற்றத்தை எங்கள் மேற்கு மலை எப்போதோ முடித்துவைத்துவிட்டது. முருகன் வேங்கையாக நின்ற மரமும் கண்ணகி நின்ற வேங்கையும் ஒன்றா என்ற கேள்வியை, பக்க வரம்பு கருதி, என் அடுத்த ஏழு கட்டுரைகளுக்கு ஒத்திவைக்கிறேன்.

இந்தக் கோயில் ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கும். தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப், பளியன்குடியிலிருந்து நடை. ஆகவே ஆய்வாளருக்குக் களப்பணி ஒரு நாள், மீதி 364 நாளும் கருத்தரங்கம்.

நிகழ்த்துகலைச் சான்று

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்' எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. இரவு பத்துக்கு ஆர்மோனியம். பிறகு பபூன். பிறகு நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். கூட்டம் அதற்காகத்தான் வருகிறது. எத்தனை கேள்வி போட்டாலும் வள்ளி விடமாட்டாள். முருகன் வரும்போது பொழுது விடியப் பார்க்கும். கல்யாணத்தின்போது விழித்திருப்பவர்கள் மணமக்களும் மிருதங்கக்காரரும்தான். காதலைவிட வாதமே நமக்கு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. என் ஆய்வுமுறையும் அங்கிருந்தே பெறப்பட்டது.

அறிவிப்பு

மேற்கண்ட பொருள் குறித்து விரைவில் பன்னாட்டுக் கருத்தரங்கம் நடைபெறும். பன்னாடு என்பதற்காகக் கதிர்காமத்திலிருந்து ஒருவரை இணையவழியில் அழைப்போம், சத்தம் கேட்காது. விக்கல், குழி, சுரங்கம் ஆகிய தலைப்புகளில் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன. ஐந்து பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். மிகுந்தால் பக்கத்துக்குத் தனிக் கட்டணம். படித்துப் பார்த்துத்தான் வெளியிடுவோம் என்ற அச்சம் எவருக்கும் வேண்டாம். வர இயலாதவர்களுக்கும் சான்றிதழ் உண்டு. மதியச் சாப்பாடு அவரவர் பொறுப்பு. தினைமாவு கொண்டுவருவோர் தண்ணீரும் கொண்டுவரவும்.