பனிக்கும் ஓட்டு உண்டு

கேள்வி: உறைபனிக் காலத்தில் ஊரே வீட்டுக்குள் முடங்கிவிடுமே, நகரமன்ற உறுப்பினருக்கு அப்போது என்ன வேலை?

பதில்: சிகாகோவில் போய்க் கேளுங்கள், வேலையே அப்போதுதான் என்பார்கள்! அங்கே 50 வார்டுகள், வார்டுக்கு ஓர் உறுப்பினர். பனி கொட்டியதும், "எங்க தெருவுக்குப் பனி தள்ளுற வண்டி எப்ப வரும்?" என்று அவருக்குத்தான் போன் பறக்கும். 1979 ஜனவரிப் பனிப்புயலில் தெருக்களைத் திறந்துவிட முடியாமல் திண்டாடினார் மேயர் மைக்கேல் பிலாண்டிக். அடுத்த மாதமே உட்கட்சித் தேர்தலில் ஜேன் பைர்னிடம் தோற்றார். பனி கரைந்தது, கோபம் கரையவில்லை.

காரை வெளியே எடுக்கப் பனியை வாரியவர், அந்த இடத்தில் பழைய நாற்காலியைப் போட்டுத் துண்டு போட்டுவிடுவார். இந்தப் பஞ்சாயத்தும் உறுப்பினரிடம்தான் வரும்.

சாலையில் மாநகராட்சி வண்டி ஓடும். நடைபாதையோ வீட்டுக்காரர் பொறுப்பு, 5 அடி அகலத்துக்குப் பனியை அகற்ற வேண்டும். எழுபது வயதுப் பாட்டி என்ன செய்வார்? பக்கத்து வீட்டுப் பிள்ளை மண்வெட்டியோடு வந்தால்தான் உண்டு. வண்டி ஒதுக்கிய பனி தெருமுனையில் இடுப்புயரம் குவிந்துவிட்டால் சக்கர நாற்காலி பேருந்து நிறுத்தத்தை எட்டவே முடியாது. அந்த முனைகளை நடந்தே போய்ப் பார்க்கும் உறுப்பினருக்குத்தான் என் ஓட்டு.