எதிரேறிய ஏடும் லெஸ் நிரலும்: மதுரை நோக்கில் ஓர் ஆய்வு

நீளமான எழுத்துக் கோப்பு ஒன்றை டெர்மினலில் ‘கேட்’ கட்டளையால் திறப்பவர் கண்முன் ஓடுவது வெள்ளம். ஆயிரம் வரிகள் இமைப்பதற்குள் மேலேறி மறைய, கடைசியில் திரை கொள்ளும் அளவு மட்டும் மிச்சம் நிற்கும். இந்தத் துன்பத்துக்குப் பரிகாரமாகக் கோப்பைத் திரைதிரையாக நிறுத்திக் காட்டும் நிரல்கள் உண்டு. மோர், லெஸ் இரண்டும் அவற்றுள் தலையாயவை. (மோர் என்பது இங்கே சித்திரை வெயிலில் பந்தல் போட்டு ஊற்றுவதைக் குறிக்காது.) யூனிக்ஸ் வரலாறு எழுதுவோர் இவற்றின் பிறப்பிடம் அமெரிக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். நிரல் எழுதப்பட்ட இடம் பற்றி இக்கட்டுரைக்கு வழக்கில்லை. ஆனால் திரைதிரையாகப் பார்த்தலின் உயிர்நிலை எது, அது எங்கே முதலில் சோதித்து நிறுவப்பட்டது என்று கேட்டால் விடை வைகைக் கரையில் கிடைக்கிறது. நிறுத்திக் காட்டுவது இதில் பாதி வேலைதான். திரும்பிப் பார்க்க விடுவதே உயிர்நிலை என்பது இவ்வாய்வின் கருதுகோள். ஆய்வெல்லை வடக்கே அழகர்மலை, மேற்கே சோழவந்தான். தேவைப்படும்போது மட்டும் கலிபோர்னியா.

முதலில் நோயின் வரலாறு. ஒரு காலத்தில் கணினியோடு பேசப் பயன்பட்ட டெலிடைப் எந்திரம் விடையைக் காகிதச் சுருளில் அச்சடித்தது. அவற்றுள் பேர்பெற்ற மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். படிப்பவர் கண் அதை எளிதாக முந்திவிடும். தவறவிட்டாலும் காகிதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடித் திரை வந்ததும் இரண்டு வசதியும் போயின. 1978இல் வெளிவந்த விடி-100 முனையத்தின் திரை 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். மொத்தம் 1,920 எழுத்துக்கு இடம். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் இணைத்தால் ஏறத்தாழ 960 எழுத்து வந்து விழும். இரண்டே நொடியில் முழுத்திரையும் புதிதாகிவிடும். மேலே போன வரி போனதுதான். கன்ட்ரோல்-எஸ் அடித்து நிறுத்துவதும் கன்ட்ரோல்-க்யூ அடித்து ஓடவிடுவதும் அக்காலத்து வழக்கம். அதற்குப் படிப்பறிவைவிட விரல் சுறுசுறுப்பே அதிகம் வேண்டியிருந்தது. பெர்க்கிலியில் படித்துக்கொண்டிருந்த டேனியல் ஹால்பர்ட் 1978இல் எழுதிய மோர் நிரல் இந்த ஓட்டத்துக்கு ஓர் அணை கட்டியது. ஒரு திரை காட்டும், நிற்கும், கோப்பில் எத்தனை சதவீதம் கடந்தாயிற்று என்று அடிவரியில் சொல்லும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த திரை, என்டரைத் தட்டினால் ஒரே ஒரு வரி.

இந்த நிறுத்தம் தமிழ் வாசகனுக்குப் புதிதன்று. பனையோலைச் சுவடியில் ஓரேட்டின் ஒரு பக்கம் சில வரிகளே கொள்ளும். அது தீர்ந்ததும் வாசிப்பு தானாக நிற்கும். ஏட்டைத் திருப்பிக் கயிற்றில் தள்ளினால்தான் அடுத்த பக்கம் வரும். அளவறிந்து தரும் இந்த நாகரிகம் ஓலையோடு நிற்கவில்லை, நூலின் அமைப்புக்குள்ளும் புகுந்தது என்பதற்குத் திருக்குறளே சான்று. 24 வரித் திரையில் அடிவரியை லெஸ் நிரல் தன் அறிவிப்புக்கு எடுத்துக்கொள்ளும். வாசகனுக்கு எஞ்சுவது 23. அதிகார எண்ணுக்கு ஒரு வரி, அதிகாரப் பெயருக்கு ஒரு வரி, பத்துக் குறளுக்கு இருபது வரி, மூச்சுவிட வெற்று வரி ஒன்று. கூட்டினால் 23. ஆக, வள்ளுவரின் ஓர் அதிகாரம் விடி-100இன் ஒரு திரைக்கு வரி கூடாமல், வரி குறையாமல் பொருந்துகிறது. முதல் அதிகாரம் தட்டாமலே தெரியும் என்பதால் 133 அதிகாரங்களையும் பார்க்க ஸ்பேஸ் பாரை 132 முறை தட்டினால் போதும். இதைத் தற்செயல் என்று தள்ளுவோர், அதிகாரத்துக்குப் பத்துப் பாட்டே கொண்ட நாலடியாரை எடுத்துப் பார்க்கட்டும். நான்கடி வெண்பா பத்து சேர்ந்தால் 40 வரி, திரைக்குள் அடங்காது. வள்ளுவர் ஈரடியைத் தேர்ந்த காரணம் இதுவரை சரியாக ஆராயப்படவில்லை என்பது தெளிவு.

ஆனால் மோருக்கு ஒரு குறை இருந்தது. அது முன்னே மட்டும் போகத் தெரிந்த நிரல். கடந்த திரையை மறுபடி காட்டாது. இக்குறை யாரை, எப்போது வருத்தியது என்பது ஆய்வுக்கு முக்கியம். மார்க் நூடல்மன் வேலை செய்த இடத்தில் ஒரு மென்பொருள் மிகப் பெரிய லாக் கோப்புகளை எழுதிக் குவித்தது. ஏதேனும் பிழை நேர்ந்தால் அதை லாக்கில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கிப் போய்க் காரணத்தைத் தேடவேண்டும். விஐ என்னும் தொகுப்பியில் பின்னோக்கிப் போகலாம். ஆனால் அது முழுக் கோப்பையும் படித்துவிட்டே கதவைத் திறக்கும், பெரிய கோப்பில் காத்திருந்து மாளாது. 1983இல் அவர் தொடங்கி 1985இல் ஊருக்கு வெளியிட்ட லெஸ், கேட்ட இடத்தை மட்டும் படித்துக் காட்டியது. பி விசையைத் தட்டினால் ஒரு திரை பின்னால் போனது. இதில் கவனிக்க வேண்டியது, லெஸ் பிறந்தது ரசித்துப் படிப்பதற்காக அன்று என்பது. தீங்கு நடந்த பிறகு ‘இது எதனால் வந்தது’ என்று கேட்ட வாயிலிருந்து அது பிறந்தது. அந்தக் கேள்விக்கு மதுரையில் பழைய வழக்குகள் இரண்டு உண்டு.

முதல் வழக்கு புனல்வாதம். பெரியபுராணம் சொல்லும்படி, பாண்டியன் முன்னிலையில் திருஞானசம்பந்தரும் சமணரும் தத்தம் ஏடுகளை வைகையில் விட்டார்கள். நீரோடு போவது தோற்ற ஏடு, நீரை எதிர்த்துப் போவது வென்ற ஏடு என்பது முன்கூட்டியே பேசிக்கொண்ட விதி. சமணர் இட்ட ஏடு ஆற்றோடு போயிற்று. சம்பந்தர் இட்ட ஏடு எதிரேறியது; அமைச்சர் குலச்சிறையார் குதிரையேறிக் கரையோடு அதைத் தொடர்ந்தார். மேலும் மேலும் போய்க்கொண்டிருந்த ஏட்டைச் சம்பந்தர் ஒரு பதிகம் பாடி நிறுத்தினார். நின்ற இடம் சோழவந்தானுக்கு அருகிலுள்ள திருவேடகம். சமய முடிவு இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே. சோதனையின் அமைப்பு மட்டுமே நமக்குப் பொருள். ஓடும் நீர், அதன்மேல் எழுதப்பட்ட ஏடு, பின்னோக்கிய நகர்வு, விரும்பிய இடத்தில் நிறுத்தம், இவை எல்லாம் நடக்கின்றனவா என்று கரையிலிருந்து சரிபார்க்க ஒரு குதிரைவீரர். வாசிப்பு நிரல் ஒன்றுக்கு இதைவிடக் கறாரான பரிசோதனையைக் கலிபோர்னியாவில் யாரும் வடிவமைக்கவில்லை.

இரண்டாவது வழக்கு சிலப்பதிகாரம். பொற்கொல்லன் கொண்டுவந்த செய்தியைக் கேட்ட நெடுஞ்செழியன், கோவலன் கையில் சிலம்பு இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவரச் சொன்னான். மோர் நிரலின் மொழியில், என்டரை ஒருமுறை தட்டி, வந்த ஒரு வரியைப் படித்துத் தீர்ப்பு எழுதிவிட்டான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டியபோது முடிவு தெரிந்தது. தெரிந்த கணமே அரியணையில் விழுந்து இறந்தான். மோர் நிரலும் கோப்பின் கடைசி வரியைக் காட்டியதும் தானே வெளியேறிவிடும். லெஸ் அப்படிச் செய்வதில்லை. முடிந்தது என்று அடிவரியில் அறிவித்துவிட்டுக் காத்திருக்கும். முடிவைக் கண்டவனுக்குத்தானே பின்னால் போகும் தேவை அதிகம்? மதுரை எரிந்தபின் அந்த வேலையைச் செய்தவள் நகரின் காவல் தெய்வம் மதுராபதி. கட்டுரைக் காதையில் அவள் கண்ணகிமுன் வந்து நிற்கவில்லை, பின்பக்கமாகத் தோன்றி, கோவலனின் முற்பிறப்பு வரை திரை திரையாகப் பின்னோக்கிப் போய்க் காரணம் காட்டுகிறாள். முன்னே மட்டும் படித்த அரசனும், பின்னே படித்துக் காட்டிய தெய்வமும் ஒரே காண்டத்தில், அதுவும் மதுரைக் காண்டத்தில், அடுத்தடுத்து நிற்பதை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் எப்படித் தவறவிட்டார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி மறுப்புகள். மோரிலும் பி விசை உண்டே என்பது முதல் மறுப்பு. உண்டு, பின்னாளில் வந்தது. ஆனால் கோப்பாக இருந்தால்தான் அது பின்னே போகும். வேறொரு நிரலிலிருந்து குழாய் வழியாக ஓடிவரும் எழுத்தில் அதனால் திரும்ப முடியாது. லெஸ், ஓடிவருவதையும் நினைவில் தேக்கிவைத்துத் திரும்பும். புனல்வாதம் நடந்தது பெட்டிக்குள் கட்டிவைத்த சுவடியிலா, ஓடும் ஆற்றிலா? ஆகவே இம்மறுப்பு நம் கட்சிக்கே வலுச்சேர்க்கிறது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் டெர்மினலே பின்னே போகுமே என்பது இரண்டாவது. டெர்மினல்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட வரி எண்ணிக்கைக்கு மேல் பழையதைக் கொட்டிவிடும். லட்சம் வரி லாக்கில் தேடும் வரி கொட்டிய பகுதியில்தான் இருக்கும். மேலும், கொட்டியதைப் பொறுக்குவது வேறு, கேட்டதைப் பெறுவது வேறு. சாய்கோடு ஒன்றைப் போட்டுச் சொல்லை அடித்தால் லெஸ் அந்தச் சொல் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். காலமுரண் என்பது மூன்றாவது. நூடல்மன் சோழவந்தானில் ரயிலிறங்கினார் என்று இக்கட்டுரை எங்கும் சொல்லவில்லை. கடன் வாங்கியதாக வாதம் இல்லை; தேவையை முதலில் கண்ட ஊர் எது என்பதே வாதம்.

நான்காவது மறுப்பு கொஞ்சம் கடினமானது. மதுரைக்கு இவ்வளவு உரிமை இருந்தால் லெஸ் தமிழை மதித்திருக்க வேண்டுமே என்பார்கள். உலகத் தமிழர் கூடி இலக்கியங்களை மின்கோப்புகளாக்கும் மதுரைத் திட்டம், ஸ்விட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் முன்நிற்க, 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. அதன் கோப்புகள் 1999 முதல் டிஸ்கி என்ற எட்டு பிட் குறியீட்டில் வந்தன. 2004 முதல் யூனிகோடிலும் வருகின்றன. பழைய டிஸ்கிக் குறளை இன்றைய யூனிகோட் டெர்மினலில் லெஸ் கொண்டு திறந்தால் அது உள்ளே விடாது. ‘இது பைனரி கோப்பாக இருக்கலாம், ஆனாலும் பார்க்கிறீர்களா?’ என்று வாசலில் நிறுத்திக் கேட்கும். இதை அவமதிப்பு என்பவர்கள் மரபை மறந்தவர்கள். குறள் மதுரைக்கு வந்தபோது புலவர்கள் ஐயுற்றதும், சங்கப்பலகை இடம்கொடுத்தபின் ஏற்றதும் பழங்கதை. வாசலில் நிறுத்தி விசாரிப்பது இவ்வூரில் நூலுக்குச் செய்யும் முதல் மரியாதை.

ஐந்தாவது மறுப்புக்கு மட்டும் இக்கட்டுரை பாதி இறங்கிவருகிறது. நெடுஞ்செழியனுக்குத் திரும்பிப் பார்க்க வசதி இல்லாமலா போயிற்று? அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அவனுக்குத் தெரியும். பிடிபட்ட சிலம்பை உடைத்துப் பார்க்கச் சொல்ல ஒரு வாய்ச்சொல் போதும். கருவி அரண்மனையிலேயே இருந்தது, அவன் தொடவில்லை. அப்படியானால் பி விசையால் என்ன பயன் என்று கேட்பது நியாயம். திரும்பிப் பார்த்தல் விசையில் இல்லை, பார்க்கிறவனிடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. விசை கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்ட பிறகு, ‘மேலே போய்விட்டது, பார்க்க வழியில்லை’ என்ற சாக்கு செல்லாது. கைப்பேசியில் முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் செய்திகளில் ஒன்றை மட்டும் படித்துத் தீர்ப்பெழுதும் இன்றைய நெடுஞ்செழியர்களிடம் இந்தச் சாக்கு இன்னும் புழங்குவதால் கருதுகோளின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது.

மேலாய்வுக்குரிய களங்கள் மூன்று. குலச்சிறையாரின் குதிரை வேகத்தை நொடிக்கு 9,600 பிட்டோடு ஒப்பிடலாம். நாலடியாருக்கேற்ற திரை உயரத்தை நிர்ணயிக்கலாம். மூன்றாவது மிகச் சிக்கலானது: லெஸ்ஸுக்குள் புகுந்த புதியவர்கள் க்யூ விசை தெரியாமல் வெளியேற முடியாது தவிப்பது. இதற்கும் விடை உள்ளூரிலேயே இருக்கலாம். வீட்டுக்கு வந்த விருந்தாளியை மதுரைக்காரர் யாரும் கிளம்பச் சொல்வதில்லை. ‘போய்ட்டு வாரேன்’ என்பதை வந்தவர்தான் சொல்லவேண்டும்.