நகரக்கூடிய மாமியார் வீடு

இங்கிலாந்தில் கொல்லைப்புறத்தில் மாமியார் தனியாகக் குடியிருக்க ஒரு வீடு கட்டினால், பொதுவாக நகராட்சி அனுமதி வேண்டும். அதே இடத்தில் கேரவனை நிறுத்தி, அதை வீட்டோடு சேர்ந்த புழக்கமாகவே வைத்துக்கொண்டால், பெரும்பாலும் வேண்டாம். ஏனென்றால் அது கட்டடம் அல்ல, வண்டி. 20 மீட்டர் நீளம், 6.8 மீட்டர் அகலம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது. அதாவது சுமார் 1,460 சதுர அடி. மாமியார் கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகவும் வசதி உண்டு.

மருமகனுக்குக் கட்டுப்படியாவதோ அந்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத பழைய வண்டி. வெளியே அலுமினியத் தகடு பளபளக்கும். ஜன்னலோரம் விரலை வைத்தால் சுவர்ப்பலகை டீயில் நனைத்த பிஸ்கட்டாக உள்ளே போகும். மூட்டுகளில் பூசிய பசை வறண்டு, உள்ளே இறங்கிய மழைநீர் மரச்சட்டத்தை எப்போதோ தின்று முடித்திருக்கும். மரச்சட்டத்தை மாற்றி, கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டி முடிப்பதற்குள் மருமகனின் சேமிப்பும் உளுத்துப்போகும்.

டயர் வெடித்திருந்தாலும் பாதகமில்லை. வண்டி ஓடுகிறதா என்று சட்டம் கேட்பதில்லை. இழுத்தோ லாரியில் ஏற்றியோ நகர்த்த முடிந்தால் போதும். உள்ளே குடியேறியவரை நகர்த்த முடியுமா என்பது பற்றித்தான் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.